கழற்றுவதற்காக வாங்கும் கார்

பழைய கார் வாங்கப் போகிறவர் பெயிண்டைப் பார்ப்பார், சீட்டைத் தட்டிப் பார்ப்பார், ஏ.சி. போட்டு முகத்தை நீட்டுவார். பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கிட் கார் கட்டுவதற்காகப் பழைய கார் தேடுகிறவருக்கு இவை மூன்றும் வேண்டாம். வாங்கிய சில வாரங்களில் கதவு, சீட்டு, ஏ.சி. எல்லாம் கழன்று கொட்டகை ஓரமாகப் போய்விடும். புதிதாகப் பற்றவைத்த குழாய்ச் சட்டகத்துக்கு மாறுபவை என்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, ஸ்டியரிங், பிரேக், பெடல், வயரிங். இவற்றைக் கொடுத்துவிட்டு இல்லாமல் போகும் வண்டிக்கு டோனர் கார் என்று பெயர். அந்த வண்டி ஏற்கெனவே யாரோ ஒருவர் ஆசைப்பட்டு ஆல்டர் செய்ததாக இருந்தால் அதை எப்படி எடைபோடுவது? நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்துகொண்டு கேட்டால் இதற்குச் சில தனிப் பதில்கள் கிடைக்கின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆல்டர் ஆன வண்டிக்கு, கம்பெனி விட்டபடி இருக்கும் வண்டியைவிடக் குறைவாகத்தான் கொடுக்க வேண்டும். விற்கிறவர் நேர்மாறாகக் கணக்குப் போடுவார். அலாய் வீலுக்கு இவ்வளவு, சைலன்ஸருக்கு இவ்வளவு, என்ஜின் வேலைக்கு இவ்வளவு என்று செலவையெல்லாம் விலையில் ஏற்றிவைப்பார். ஆனால் அவர் கைவைத்த இடங்கள்தான் நமக்கு வேண்டிய இடங்கள். அவர் தொடாமல் விட்ட கூரையும் கதவும் நமக்குக் குப்பை.

இந்த வாதம் கிட் காரின் வரலாற்றிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் 1957-இல் வந்த லோட்டஸ் செவன் பாகங்களாகவே விற்கப்பட்டது. முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி பாகங்களுக்கு இல்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1973-இல் அந்த வடிவத்தின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது; அதே ஆண்டில் வரி முறையும் மாறியது. அமெரிக்காவில் புரூஸ் மேயர்ஸ் 1964-இல் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பாகங்களைக் கொண்டு கடற்கரை மணலில் ஓடும் மேங்ஸ் வண்டியைக் கட்டினார். பின்னால் ஃபோர்ட் மஸ்டாங்கை டோனராகக் கொண்டு கோப்ரா நகல்கள் வந்தன. 1996-இல் ரான் சாம்பியன் என்ற ஆசிரியர், பழைய ஃபோர்ட் எஸ்கார்ட்டை வைத்து 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று புத்தகமே எழுதினார். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. சட்டகத்தின் வரைபடம், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் உள்ள ஒரு குறிப்பிட்ட காரின் அளவுகளை நம்பிப் போடப்பட்டது. என்ஜின் தாங்கியின் துளை எங்கே, அச்சின் அகலம் எவ்வளவு, ஸ்டியரிங் தண்டின் நீளம் என்ன என்பதெல்லாம் அந்தக் காரிலிருந்தே எடுக்கப்பட்டவை. டோனரின் அளவு ஓர் இடத்தில் மாறினாலும் வரைபடம் அந்த இடத்தில் பொய்யாகிவிடும்.

நம் பக்கத்தில் இதற்கு முன்னோடி கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். 1980-களின் பிற்பாதியில், வீதியில் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த மாருதியின் என்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காராக ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். சோழவரம் பந்தயத்தடத்திலும் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் அதில் பழகினார்கள். நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எல்லா வண்டியிலும் ஒரே சாதாரண என்ஜின் என்பதுதான் அந்த வகைப் பந்தயத்தின் அடிப்படை. மகாராஷ்டிரத்தின் அலிபாக்கில் சின்காரா மோட்டார்ஸ் கட்டிய ரோட்ஸ்டரும் இதே வழிதான். லோட்டஸ் செவன் சாயலில் ஃபைபர் உடல், உள்ளே கான்டெஸாவில் இருந்த இசுசூ 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின்.

சரி, நெய்வேலியில் எதை டோனராக எடுப்பது? என் ஓட்டு மாருதி ஆம்னிக்கு. போகும் இடமெல்லாம் கண்ணில் படுகிற வண்டி என்பதால் இளக்காரமாகத் தெரியும். ஆனால் முன் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் படுத்திருக்கும் 796 சி.சி. மூன்று சிலிண்டர் என்ஜின், அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதிலிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின்னால் கிரௌனோடு (டிஃபரன்ஷியல்) கூடிய முழு அச்சு என்று லோட்டஸ் செவன் மாதிரி வண்டிக்கு வேண்டிய வரிசை அப்படியே அதில் இருக்கிறது. திறன் சுமார் 35 குதிரைதான். அரை டன் எடையுள்ள திறந்த வண்டிக்கு அது தொடக்கத்துக்குப் போதும். மாருதி 800-இல் இதே என்ஜின் குறுக்குவாக்கில் முன்சக்கரத்தை ஓட்டுகிறது. அதை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் இன்னொரு வகை வண்டி. கூடுதல் திறன் வேண்டுமென்றால் ஈகோ; அதுவும் பின்சக்கர வண்டி. பத்மினி, அம்பாசடர், கான்டெஸா மூன்றும் இப்போது பழங்கார் பிரியர்கள் விலையைத் தூக்கிவைத்திருக்கும் பொருள்கள். அவற்றை வெட்டுவது பாவம் என்பது ஒரு பக்கம், காசுக்கும் கட்டாது. ஜிப்ஸியும் ஜீப்பும் நம் வட்டாரத்தில் கம்பெனி நிலையில் கிடைப்பதே அபூர்வம்; முக்கால்வாசி ஜீப்புகளில் பிறந்தபோது இருந்த என்ஜின் இருக்காது.

ஒரு காலத்தில் இந்த ஊரில் ஆர்வக்காரர்கள் கண்வைத்தது இங்குள்ள பொதுத்துறைச் சுரங்க நிறுவனம் கழித்துவிடும் வண்டிகளின் ஏலத்தில். அந்த வாசல் ஏறக்குறைய மூடிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பொதுத்துறை நிறுவனங்களின் வண்டிகளும் இதில் அடக்கம். அவை பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். மிச்சம் இருப்பவை தனியார் வண்டிகள். பணி ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள் விட்டுப்போகும் 800-கள், மந்தாரக்குப்பம், வடலூர், விருத்தாசலம் பக்கம் ஸ்கூல் சவாரி ஓடி ஓய்ந்த ஆம்னிகள், இளவட்டங்கள் ஆல்டர் செய்து அலுத்துப்போன வண்டிகள். 15 ஆண்டை நெருங்கும் சொந்தக் கார்களின் விலை சரிவதற்கு ஒரு காரணம், 2022 ஏப்ரலில் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்ந்தது. டோனர் தேடுகிறவருக்கு இது அனுகூலம். ஆனால் பதிவு முடிந்தே போன வண்டியை எடுக்காதீர்கள், இன்னும் சில மாதமாவது உயிர் உள்ளதை எடுங்கள் என்பேன். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகள், பதிவு இழந்த வண்டியைப் பதிவுபெற்ற நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கின்றன. காலாவதியான வண்டியை மலிவாக வாங்கிக் கொட்டகையில் போட்டுவைப்பது பழைய காலத்து வசதி.

பத்திரம் பார்ப்பதிலும் கண்ணோட்டம் மாறுகிறது. ஓட்டுவதற்கு வாங்குகிறவர் சேஸி எண்ணுக்குத்தான் முதலிடம் கொடுப்பார். நாம் வைத்துக்கொள்ளப் போவது என்ஜின். ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணும் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், எங்கிருந்தோ வந்த அந்த என்ஜினோடுதான் நாம் காலம் தள்ள வேண்டியிருக்கும். ஆல்டர் வண்டிகளில் இது சர்வசாதாரணம்: சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையைச் சுட்டி, “புதுப்பேட்டையில எடுத்துப் போட்டதுங்க” என்பார்கள். எடுத்த பில் இருக்கிறதா, ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் நடையைக் கட்டுவதுதான் சரி. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் ஃபைனான்ஸ் விவரம், சலான், எஃப்.சி. தேதி எல்லாம் தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பதால் புதுச்சேரிப் பதிவு வண்டிகளும் இங்கே விலைக்கு வரும். அவற்றுக்கு என்.ஓ.சி. வாங்கி, இங்கே சாலை வரியும் கட்டிப் பேர் மாற்ற வேண்டும். பிரித்துப்போடப் போகும் வண்டிக்கு வரி கட்டுவது வீண் செலவு.

இனி வண்டிக்கு வருவோம். நெய்வேலிக்காரர் முதலில் திறக்க வேண்டியது ஏர் ஃபில்ட்டரை. சுரங்க ஊரின் காற்றில் நிலக்கரித் தூசி மட்டும் இல்லை. மேல்மண்ணாக வெட்டி எடுக்கப்படும் கடலூர் மணற்கல்லின் மணல் துகளும் உண்டு. ராட்சத மண்வெட்டி இயந்திரங்களின் எஃகுப் பற்களையே தேய்த்துத் தின்கிற கல் அது. ஆல்டர் செய்கிறவர் முதலில் தூக்கி எறிவது கம்பெனி ஃபில்ட்டர் பெட்டியை. பதிலுக்குக் கூம்பு வடிவ ஃபில்ட்டர் ஒன்றைத் திறந்தபடி மாட்டுவார், உறுமல் சத்தத்துக்காக. மலிவான கூம்பின் நெசவு நுண்மணலை விடும். ஃபில்ட்டரைக் கழற்றி, அதற்கு அப்புறம் உள்ள குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் வந்தால் பரவாயில்லை. விரலிடுக்கில் தேய்க்கும்போது நறநறவென்றால், அந்த மணல் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உரசிவிட்டுத்தான் போயிருக்கும். சிலிண்டருக்குள் எட்டிப்பார்க்காமலே இவ்வளவு சொல்லும் எளிய சோதனை இது.

அடுத்தது கம்ப்ரஷன். காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போதே போங்கள். என்ஜின்மேல் கைவைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காகவே யாரோ முன்கூட்டி ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். ஆறிய என்ஜினை எடுக்கும்போது நீலப் புகை ஒரு கொத்து வந்து நின்றால் வால்வு சீல். நிற்காமல் வந்தால் ரிங். வெள்ளைப் புகை ஓயாமல் வந்து தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட். சூடேறிய பின் மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்துச் சுழற்றுங்கள். மொத்த எண்ணைவிட மூன்றுக்கும் இடையிலான வித்தியாசம் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு வால்வில். பக்கத்துப் பக்கத்து இரண்டு சேர்ந்து தாழ்ந்தால் இடையில் கேஸ்கட் போயிருக்கிறது.

ஆல்டர் என்ஜினில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூன்றும் சமமாக, எதிர்பார்ப்பைவிட உயர்வாகக் காட்டினால் உடனே மகிழ வேண்டாம். ஹெட்டை லேத்தில் சீவியிருக்கலாம். வேகத்துக்காகவும் சீவுவார்கள், சூடேறிக் கோணலானதை நிமிர்த்தவும் சீவுவார்கள். இரண்டாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ரீபோர் ஆன என்ஜின் என்றால் எந்த அளவு பிஸ்டன் என்று கேளுங்கள். 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று படி ஏறும். கடைசிப் படியில் இருக்கும் பிளாக்கில் இன்னொரு முறை துளைக்க இடமில்லை. ஆம்னியில் இன்னொன்று, கேஸ். எல்.பி.ஜி.யில் ஓடிய என்ஜினில் ஆயில் சுத்தமாகத் தெரியும், அது ஏமாற்று. உலர்ந்து எரியும் எரிபொருள் வால்வு சீட்டைத் தேய்க்கும். வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் இறங்கும். ஆர்.சி.யில் கேஸ் ஏற்றப்படாமல், பின்னால் சிலிண்டர் கட்டிய தடம் மட்டும் இருந்தால் அது வீட்டு சிலிண்டரில் ஓடிய வண்டி; அந்த ஓனர் மற்ற விஷயங்களிலும் எப்படி இருந்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

என்ஜினைவிட என்னைப் பயமுறுத்துவது வயரிங். கார்புரேட்டர் காலத்து ஆம்னிக்குப் பேட்டரி, காயில், டைனமோ இருந்தால் ஓடிவிடும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் என்ஜினோடு சேர்த்து அதன் கணினியான ஈ.சி.யு. பெட்டி, முழு வயர் கட்டு, சென்சார்கள், இம்மொபிலைசர் உள்ள மாடலானால் அதன் சாவி வரை எல்லாமே மாறிப்போக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் என்ஜின் பேசாது. ஆல்டர் செய்தவர் சவுண்டு சிஸ்டத்துக்கும் ஹாரனுக்கும் எல்.ஈ.டி.க்கும் இந்தக் கட்டைத்தான் வெட்டி ஒட்டியிருப்பார். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். கம்பெனி ஒட்டு துணி டேப்பில் நேர்த்தியாக இருக்கும். கடை ஒட்டு கறுப்பு டேப் பிசுபிசுத்துத் தொங்கும். இன்னொரு சின்னச் சோதனை: சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும், ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஈ.சி.யு.வை ரீமேப் செய்த வண்டி என்றால், பழைய மேப் கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். எடை குறையப் போகும் வண்டிக்கு அந்த முறுக்கேற்றல் தேவையே இல்லை.

கடலூர் மாவட்டத்தில் வண்டி பார்க்கிறவர் வெள்ளத்தை மறக்கக் கூடாது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015-இல் பெருமழை, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை ஆறு உடைத்துக்கொண்டு வந்தது என்று இங்கே தண்ணீர் குடித்த கார்களுக்குப் பஞ்சமில்லை. உடல் துருவைப் பற்றி நமக்குக் கவலை இல்லை; தரை ஓட்டையாக இருந்தால் பேரத்துக்கு நல்லது. ஆனால் தண்ணீர் கியர்பாக்ஸிலும் கிரௌனிலும் வீல் பேரிங்கிலும் ஈ.சி.யு.விலும் புகுந்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். எப்போதும் சுருண்டே கிடக்கும் அந்த நுனியைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை, சேற்றுக்கோடு அங்கே நிற்கும். கியர் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

கீழ்ப்பக்கத்தில் பார்க்க அதிகம் இல்லை, ஆனால் பார்த்தே ஆக வேண்டும். காரைத் தாழ்த்துவதற்காகச் சுருள் ஸ்பிரிங்கை வெட்டியிருந்தால் நுனியில் கிரைண்டர் தடம் தெரியும். அந்த ஸ்பிரிங்கை எப்படியும் போடப்போவதில்லை, ஆனால் அது தரையில் மோதிய மோதலை வாங்கிய சஸ்பென்ஷன் கைகளும் பேரிங்குகளும் ஸ்டியரிங் ரேக்கும் வருமே. ஸ்கூல் ஆம்னியில் நேர்மாறு. பாரம் தாங்கப் பின்பக்கம் எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருப்பார்கள். அதிகப் பாரத்தில் அச்சின் கூடு வளைந்திருக்கலாம். பின் டயர்கள் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சறுக்கி ஓட்டும் ஆசையில் சிலர் கிரௌனுக்குள் பற்சக்கரங்களைப் பற்றவைத்துவிடுவதும் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் நல்லது. கூடவே ஒரே திசையில் சுற்றினால் உள்ளே வெல்டிங் இருக்கிறது.

கட்டி முடித்த பிறகு எங்கே ஓட்டுவது என்பதையும் டோனர் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் இதற்கு ஒழுங்கான வழி உண்டு. தனி வண்டிச் சோதனை ஒன்றில் தேறினால் சாலைக்கு வரலாம். சேஸிக்கு 5, அச்சு, சஸ்பென்ஷன், கியர், ஸ்டியரிங்குக்குத் தலா 2, என்ஜினுக்கு 1 என்று மதிப்பெண் போட்டு, 8 வந்தால் மறுவடிவம் செய்த வண்டி பழைய பதிவை வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் இருந்துவந்திருக்கிறது. இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராக உறுதிசெய்தது. புதிய வண்டியாகப் பதிவு செய்யலாம் என்றால், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி புணேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அந்தச் சோதனைகள் ஆயிரக்கணக்கில் கார் தயாரிப்பவரை மனத்தில் வைத்து வகுத்தவை. கொட்டகையில் ஒன்று கட்டுகிறவருக்கு எட்டாது. “கம்பெனி ரோடுதானே, வட்டத்துக்குள்ளயே ஓட்டிக்கலாம்” என்று டவுன்ஷிப்பில் சிலர் சமாதானம் சொல்வார்கள். பொதுமக்கள் போகவர உரிமை உள்ள இடம் பொது இடம்தான் என்கிறது சட்டம்; இந்தச் சமாதானத்தை நம்பி வண்டியை வெளியே எடுக்கிறவர் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் இல்லாமல் நிற்பார். ஆக, மிச்சம் இருப்பது இருங்காட்டுக்கோட்டை, கோவை போன்ற பந்தயத்தடங்கள், சங்கங்கள் நடத்தும் போட்டிகள், சொந்த நிலம். அங்கே போகிற வண்டிக்கு பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட் இவற்றின் ஆரோக்கியம் குதிரைத்திறனைவிடப் பெரிது. டோனரின் விலையைப் பேசும்போதும் இந்த வரிசையை மறக்காமல் இருப்பது நல்லது.

வாங்கியாகிவிட்டதா? உடனே ஸ்பானரை எடுக்க வேண்டாம். இன்சூரன்ஸோடு சில நாள் ஓட்டிப் பாருங்கள். ஓடும்போது கேட்கும் சத்தம் கொட்டகையில் கேட்காது. பிறகு ஒவ்வொரு கனெக்டருக்கும் துண்டுச் சீட்டு கட்டி, போட்டோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். வண்டி இனி ஓடாது என்றானதும் பதினான்கு நாளுக்குள், அல்லது கூடிய விரைவில், ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று 55-ஆம் பிரிவு சொல்கிறது. சேஸி எண்ணோடு கூடிய கூடு உடைப்பு நிலையத்துக்குப் போக வேண்டியது. எதையெல்லாம் கழற்றிக்கொண்டு ஒப்படைக்கலாம் என்பதை வாங்குவதற்கு முன்பே அங்கே கேட்டு வைத்துக்கொள்வது உத்தமம். நமக்கு வேண்டாத அலாய் வீல், கூம்பு ஃபில்ட்டர், உறுமும் சைலன்ஸர், சப்-ஊஃபர் எல்லாவற்றுக்கும் ஊரில் இளவட்டங்கள் கிராக்கி வைத்திருக்கிறார்கள். விலை பேசியபோது சல்லிக்காசு மதிக்காத சாமான்கள் இவை. போட்டோ போட்ட அன்றைக்கே ஆள் வந்துவிடும்.